தறிக்குழிக்குள் இறங்கிய டெலிபோன்

எங்கள் வீட்டு டெலிபோன் தறிக்குழிக்குள் இறங்கியது ஒரே ஒரு கோடை விடுமுறையில்தான். அதற்கு முன்னாலும் இறங்கியதில்லை, அப்புறமும் இறங்கவில்லை. இறக்கியவர் என் சித்தப்பா.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. ஆரணியில் எங்கள் தெருவிலேயே கைவேகம் அதிகமுள்ளவர். வாய்வேகம் அதைவிட அதிகம். கூடத்துத் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்தபடியே, ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவார். பால்காரர் ஒருநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, பால் ஊற்றாமலேயே சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். "உங்க சித்தப்பன் வாய்ல ஒரு தறி தனியா ஓடுது பாப்பா, அதுக்குக் கூலி தர்றவன்தான் இல்ல" என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதர் டெலிபோனைக் காதில் வைத்தால் மட்டும் ஊமையாகிவிடுவார்.

அந்த வருஷம் தை மாதத்தில் சித்தப்பாவுக்குச் செய்யாற்றில் பெண் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் ஆவணியில். பெண் அங்கே ஷூ கம்பெனியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வீட்டுப் பக்கத்து பூத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பேசலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் அனுமதி கொடுத்தார்களே தவிர, கூடத்தை விட்டு எழுந்து போகவில்லை. மணி அடிக்கும்போது அப்பா நாற்காலியில் இருப்பார். அம்மா சுவரோரம் கால் நீட்டி இருப்பாள். நான் போனுக்கு நேர் கீழே இருப்பேன். எதிர்வீட்டு அக்கா மிகச் சரியாக அந்த நேரத்தில்தான் காப்பித்தூள் இரவல் கேட்டு வருவார். சித்தப்பா எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று பேசுவார். பேச்சு இவ்வளவுதான்: "ம்… ம்… சாப்டாச்சு… ம்." மூன்றாவது நிமிஷம் அந்தப் பக்கம் வைத்துவிடும்.

"இதுக்கு ஒரு தந்தி அடிச்சிருக்கலாம்" என்பாள் அம்மா.

"அண்ணி, நீங்க எல்லாரும் பாவு இழுக்கிற மாதிரி சுத்தி உக்காந்துகினு இருந்தா நான் இன்னா பேசறது?" என்பார் சித்தப்பா. போனை வைத்த மறு நொடி அவருக்கு வாய் திரும்பிவிடும்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை இரண்டு செல்போன். ஒன்று அவருக்கு, ஒன்று செய்யாற்றுக்கு. செல்போன் எங்கள் தெருவில் அப்போது இரண்டு பேரிடம்தான் இருந்தது. கல்யாணச் செலவு முன்னால் நிற்கும்போது அண்ணனிடம் போய் அதைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆசை அப்படியே நெஞ்சுக்குள் கிடந்தபோதுதான் டிவியில் அந்த நிகழ்ச்சி வந்தது.

தினமும் பகல் பதினொன்றரைக்கு வரும். ஒரு அக்கா இரண்டு படங்களைக் காட்டுவார். இரண்டிலும் ஒரே பெண் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு குத்துவிளக்குப் பக்கத்தில் நிற்பாள். ஐந்து வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். நான்கை அவர்களே வட்டம் போட்டுக் காட்டிவிடுவார்கள். ஐந்தாவதைப் போனில் சொன்னால் இருபதாயிரம் ரூபாய். அந்த அக்கா நோட்டுக்கட்டை விசிறி மாதிரி வீசிக்கொண்டே, "இவ்வளவு ஈஸியா யாரும் கேக்க மாட்டாங்க, சீக்கிரம் கூப்பிடுங்க" என்று கெஞ்சுவார். கூப்பிட்டவர்கள் தோடு என்பார்கள், வளையல் என்பார்கள், விளக்குத் திரி என்பார்கள். எல்லாம் தப்பு.

எங்கள் வீட்டில் முதல் நாளே விடை தெரிந்துவிட்டது. சேலை பார்டரில் வரிசையாக ருத்ராட்சப் பொட்டு ஓடும் இல்லையா, இடது படத்தில் அது இருந்தது, வலது படத்தில் இல்லை. சித்தப்பா பார்த்த மாத்திரத்தில் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆமா, பொட்டு உட்டுப்போச்சு" என்றாள். பத்து வயதான எனக்கே தெரிந்தது. விளக்கைப் பார், திரியைப் பார் என்றால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சேலையில் தப்பு என்றால் எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஒரு நாள் அப்பாவும் அந்த நேரத்துக்கு வந்தார். தெருவில் பத்துத் தறிக்காரர்களுக்கு முதலாளியிடமிருந்து பட்டு வாங்கிக் கொடுத்து, நெய்த சேலையைத் தப்புப் பார்த்து வாங்கி ஒப்படைப்பது அப்பாவின் வேலை. ஆறு கெஜச் சேலையைக் கையில் ஓடவிட்டு, நடுவில் சட்டென்று நிறுத்தி, "இங்க ஒரு இழை தூங்கிடுச்சி" என்பார். குனிந்து பார்த்தால் தூங்கியிருக்கும். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே டிவியைப் பார்த்தார். யாரோ ஒரு அம்மா போனில் "மூக்குத்தி" என்றார்.

"பார்டர்ல பொட்டு இல்லாதது தெரியல?" என்று அப்பா டிவியைக் கேட்டார். "கண்ணைக் கழட்டிப் பரண்மேல வச்சிட்டானுங்களா எல்லாம்?"

அடுத்து வந்தவர் "மல்லிப்பூ" என்றார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனார். குளித்து வந்ததும், "சொன்னானுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் அப்பா வெளியே போனதும் சித்தப்பா வேலையை ஆரம்பித்தார். எங்கள் போன் மாடத்தில், ஜரிகை வைத்த ஒரு பட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு அம்மன் மாதிரி இருக்கும். அதை எடுத்து, எங்கேயோ வாங்கிவந்த நீள வயரை இணைத்து, தறிக்குழிக்குள், தறியை மிதித்து ஓட்டும் கால்மிதிப் பலகை பக்கத்தில் இறக்கி வைத்தார். நம்பரை நான் படிக்க, அவர் அழுத்தினார்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது ஒரு பெண்குரல். பிறகு பாட்டு. பாட்டு என்றால் டிங் டிங் என்று ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப.

கொஞ்ச நேரம் தோளில் இடுக்கிப் பார்த்தார். நெய்ய முடியவில்லை. துண்டை எடுத்து ரிசீவரைக் காதோடு வைத்துத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். இரண்டு கையும் விடுதலை. பாட்டுக்கு ஏற்றபடி தறி ஓடியது. டிங் டிங், டக் டக்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், பல்லு வலிங்களா?" என்று கேட்டு, ஐந்து நிமிஷத்தில் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கி மென்றுகொண்டே காத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து நிகழ்ச்சி முடிந்தது. லைன் தானாக அறுந்தது. "நாளைக்குக் கிடைக்கும்" என்றார் சித்தப்பா.

"நடுவுலயே வச்சிட்டு மறுபடி போட்டா சீக்கிரம் கிடைக்குமோ இன்னாமோ" என்றேன்.

"எவ்ளோ மரியாதையா காத்திருக்கச் சொல்லுது அந்தப் பொண்ணு. பட்டுனு வச்சா நல்லாவா இருக்கும்?"

இப்படியே ஓடியது. ஒரு நாள் நான் எதிர்வீட்டில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். எங்கள் டிவி பழசு. படத்தின் அடிப்பக்கம் இரண்டு விரல் அளவுக்கு மடிந்து கறுப்பாகிவிடும். அவர்கள் டிவியில் அந்த இடத்தில் பொடி எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்குப் பத்து ரூபாய் என்று போட்டிருந்தது. ஓடிவந்து சித்தப்பாவிடம் சொன்னேன்.

அவர் குறுக்கு இழை ஓட்டும் நாடாவை நிறுத்தவே இல்லை. "நிமிஷத்துக்குன்னா பேசற நிமிஷத்துக்கு. நாமதான் இன்னும் ஒரு வார்த்தை பேசலியே."

அம்மாவும் அதை ஒத்துக்கொண்டாள். "ஆமா, காத்துகினு இருக்கறதுக்கு எவன் காசு வாங்குவான்?"

எங்களுக்கு அது ஞாயமாகத்தான் பட்டது. தறிக்காரருக்குக் கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. பாவு நூல் அறுந்தால் முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம், ஜரிகை வரவில்லை என்றால் நாலு நாள் சும்மா இருப்போம். அதற்கு யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. காத்திருப்பது எங்கள் ஊரில் இலவசம். ஆகவே எல்லா ஊரிலும் இலவசம்.

இதற்கு நடுவே முதலாளி அப்பாவைப் பிடித்துக்கொண்டார். எப்போது கூப்பிட்டாலும் போன் எங்கேஜ்டாகவே இருக்கிறதாம். அப்பா லைன்மேனை அழைத்துவந்தார். அவர் கம்பத்தில் ஏறி இறங்கி, "லைன் தங்கம் மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். சித்தப்பா அந்த நேரம் முழுக்க ஒரே ஒரு இழையை முடிந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, அது நடந்தது. நான் டிவி முன்னால் இருந்தேன். திடீரென்று டிவிக்குள்ளிருந்து எங்கள் தறிச் சத்தம் கேட்டது. டக் டக். எத்தனை தறி ஓடினாலும் சித்தப்பாவின் அடி எனக்குத் தெரியும். "சித்தப்பா, டிவில நீங்க" என்றேன்.

"ஹலோ, யார் பேசறீங்க? அங்க என்ன சத்தம்?" என்றார் டிவி அக்கா.

தறி நின்றது. துண்டு கட்டிய தலையோடு சித்தப்பா டிவியைப் பார்த்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஹலோ, விடையைச் சொல்லுங்க."

"ம்" என்றார் சித்தப்பா.

"சொல்லுங்க சார், ஐந்தாவது வித்தியாசம்."

"ம்…"

"தம்பி, பார்டர். பார்டர்னு சொல்லுப்பா" என்று அம்மா கரண்டியால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள்.

"ம்" என்றார். லைன் போய்விட்டது. டிவி அக்கா, "பாவம், நேயர் கூச்சப்படுறாரு" என்று சிரித்தார். அடுத்து வந்தவர் "தோடு" என்றார்.

சித்தப்பா துண்டை அவிழ்த்தார். காது சிவந்து, தோசைக்கல்லில் வைத்து எடுத்தது போல இருந்தது. வயரைச் சுற்றினார், போனைத் துடைத்தார், மாடத்தில் வைத்துப் பட்டைப் போர்த்தினார். அன்று தெருவில் போனவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் போனார்கள்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம், "இன்னைக்கு நம்ம தறி டிவில வந்துச்சுங்க" என்று ஆரம்பித்துவிட்டு, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து, "அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் சொல்லல" என்று முடித்துக்கொண்டாள்.

"இன்னுமா?" என்றார் அப்பா.

இரண்டு நாள் கழித்து அமாவாசை. அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. விடிந்ததும் எல்லாரும் படவேட்டுக் கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பாவுக்கு மட்டும் தலைவலி. "முதலாளி வந்தாலும் வருவாரு, நான் வீட்ல இருக்கேன்" என்றார். நாங்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். மாடத்தில் ரிசீவர் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதை நேராக்கிவிட்டு, "தலைவலி உட்டுதா?" என்று கேட்டாள். அப்பா உட்டுது என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு பில் வந்தது. வழக்கமாக நானூறு வரும். அந்தத் தடவை ஆறாயிரத்துச் சொச்சம். மூன்று சேலைக் கூலிக்கும் மேலே. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சேலையில் தப்புத் தேடுவது போலத் தேடினார்.

"மிஷின் தப்பா இருக்கும்" என்றார் கடைசியில். "போய்க் கேக்கறேன். ஒருவேளை நம்ம வீட்லதான் எவனாச்சும் பண்ணியிருக்கான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே போனை சரண்டர் பண்ணிடுவேன். எனக்கு முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லட்டும்."

சித்தப்பாவின் கை நாடாவிலேயே நின்றது. போனை சரண்டர் பண்ணினால் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி இல்லை. ஆவணி வரைக்கும் செய்யாறு வெறும் பஸ் போர்டில் எழுதியிருக்கிற பெயர்.

"பாப்பா," என்று என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். "ஏதாச்சும் கேட்டா நீ என் பேரைச் சொல்லாதே. நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்." நான் சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை அப்பா டெலிபோன் ஆபீசுக்கு என்னையும் கூட்டிப்போனார். பொடி எழுத்தைப் படிக்க என் கண் தேவைப்பட்டது. அங்கே இருந்த அதிகாரி பொறுமையானவர். கூப்பிட்ட நம்பர், தேதி, நேரம், நிமிஷம் என்று எல்லாம் அச்சடித்த ஒரு லிஸ்டை எடுத்துக் கொடுத்தார்.

"இது டிவிக்காரங்க நம்பருங்க. நிமிஷத்துக்குப் பத்து ரூபா. தெருவுக்கு ஒருத்தர் இந்தப் பில்லோட வந்துகினு இருக்காங்க."

"படி" என்றார் அப்பா.

நான் சத்தியத்தை மீறவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. லிஸ்டில் இருப்பதைத் தமிழ்ப் பாடம் வாசிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பகல் பதினொன்று முப்பத்திரண்டு, நாற்பத்தொரு நிமிஷம். பகல் பதினொன்று முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு நிமிஷம். ஒவ்வொரு தேதிக்கும் அப்பா, "அன்னைக்கு நான் எங்க போயிருந்தேன்?" என்று தனக்குள் சொல்லி விரலை மடக்கினார். ஐந்தாவது வரி வந்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏழாவது வரியில் மீசை துடித்தது.

"வரட்டும் அவன். துண்டைக் காதுல கட்டிகினு பல்லு வலின்னானாமே. இன்னைக்கு வலிக்கும்."

நான் படித்துக்கொண்டே போனேன். கடைசி வரி. தேதியைச் சொன்னேன். "பகல் பதினொன்று இருபத்தெட்டு, ஐம்பத்து இரண்டு நிமிஷம்."

"அது இன்னா கிழமை?" என்றார் அப்பா, விரலை மடக்கிவைத்துக்கொண்டு.

அதிகாரி சுவரில் தொங்கிய காலண்டரைத் தள்ளிப் பார்த்தார். "கறுப்பு வட்டம் போட்டிருக்குது. அமாவாசைங்க."

"அமாவாசைக்கு நாங்க எல்லாரும் படவேடு போயிருந்தோம்" என்றேன். எனக்கு எப்போதும் சரியாகச் சொல்வதில் விருப்பம் அதிகம். "சித்தப்பாகூட வந்தாரு. எனக்குப் பொரி வாங்கிக் குடுத்தாரு."

அப்பா மடக்கின விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

"ஏங்க," என்று அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டார், "பேசவே இல்லைன்னாலுமா ஏறும்? சும்மா காத்துகினு இருந்தா?"

"எடுத்த நிமிஷத்துல இருந்து ஓடுங்க. ஆட்டோ நின்னாலும் மீட்டர் ஓடற மாதிரி."

"அந்தப் பொண்ணு காத்திருக்கச் சொல்லும்போது இதைச் சொல்லலியே" என்றார் அப்பா.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் தேடினார். அப்பா லிஸ்டை நாலாக மடித்து உள்பையில் வைத்தார்.

வழியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். கேட்காமலேயே இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தார். "நல்லாப் படிச்ச. வீட்ல மறுபடி படிக்க வேணாம், என்ன?" என்றார். சரி என்றேன். என் வாசிப்புக்குக் கிடைத்த முதல் பரிசு என்று அதை நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, நான்தான். டிவிக்குப் போட்டது நான்தான். எல்லாமே நான்தான்."

"எல்லாமே நீதானா?"

"ஆமாண்ணா. ஒண்ணு விடாம."

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "சரி" என்றார். "எதுக்குடா இருபதாயிரம் உனக்கு?"

அம்மாதான் சொன்னாள்: "ரெண்டு செல்போன் வாங்கணுமாம். இங்க நாம எல்லாரும் வாயைப் பாத்துகினு உக்காந்து இருக்கோம் இல்ல, அந்தக் கூச்சம்."

அப்பா உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். பில்லில் பாதி சித்தப்பாவின் கூலியில், பாதி தன் கையிலிருந்து என்று அங்கிருந்தே சொன்னார். "போன் இருக்கட்டும். முதலாளி கூப்பிடணும் இல்ல."

"லிஸ்டைக் குடுங்க, பாக்கலாம்" என்றாள் அம்மா.

"கிழிச்சிப் போட்டுட்டேன்."

லிஸ்ட் அவர் உள்பையில் இருப்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் சில சமயம் மறந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். அம்மாவும் அந்தப் பையையே பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே இருமுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறே முக்காலுக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க, கோயிலுக்குப் போலாம்" என்றார். அவர் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. எதிர்வீட்டு அக்கா காப்பித்தூள் டம்ளரோடு படியேறினார். "நீயும் வாம்மா" என்று அவரையும் திருப்பிவிட்டார். சித்தப்பா கூடத்தில் தனியாக நின்றார்.

எனக்கு ஒரே கோபம். அந்த நேரத்தில் டிவியில் படம் போடுவான். கோட்டைப் பக்கத்துக் கோயிலைச் சுற்றும்போது, "சித்தப்பா மட்டும் ஏன் வரல?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வேலை இருக்குது."

"ஞாயித்துக்கிழமை இன்னா வேலை?"

அப்பா அடுத்த சுற்றுக்குத் திரும்பினார். எல்லாரும் மூன்று சுற்று சுற்றுவார்கள். நாங்கள் ஆறு சுற்றினோம். எனக்குக் கால் வலித்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அப்பா சாமியைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆவணி வரைக்கும் எல்லா ஞாயிறும் அப்படித்தான். அடுத்த பில்லும் கொஞ்சம் ஏறித்தான் வந்தது. செய்யாற்று பூத்துக்கு இங்கிருந்தே போட்டுப் பேசியிருப்பார் போல. அப்பா கட்டிவிட்டு வந்தார், லிஸ்ட் கேட்கவில்லை. அவருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். எந்தச் சாமிக்கு எத்தனை சுற்று என்று கணக்கு தெரிந்த ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். அவளிடம் கேட்டேன். ஒன்பது சுற்று வரைக்கும் சொன்னாள். எட்டு மணி வரைக்கும் சுற்றினால் என்ன பலன் என்று அவளுக்கும் தெரியவில்லை.